வியோலெட்டா கேட்ட துண்டுச்சீட்டு

கோப்பன்ஹேகனில் என்னை முதலில் திட்டியது ஒரு சைக்கிள் மணி. ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, அகலமாகவும் காலியாகவும் கிடந்த ஒரு பாதையில் நின்று கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மணி அடித்தது. எங்கள் ஊரில் மணி அடித்தால் ஒதுங்குவதற்கு முன் யாரென்று திரும்பிப் பார்ப்போம். நானும் திரும்பிப் பார்த்தேன். முன்பக்கத் தொட்டியில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டிவந்த ஒரு பெண், என்னை உரசாமல் விலகி, ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். டேனிஷ் தெரியாமலே அதன் பொருள் எனக்குப் புரிந்தது.

நான் அங்கே போனது ஆராய்ச்சிக்காக. பொதுவுடைமை ஆட்சி முடிந்து, பல கட்சித் தேர்தலும் திறந்த சந்தையும் வந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளில், அந்த மாற்றத்தைப் பற்றிச் சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே என் பொருள். மூன்று ஆண்டுகளாகக் கருத்துக்கணிப்பு அட்டவணைகளை வாசித்துவந்தேன். ‘திருப்தி’, ‘ஓரளவு திருப்தி’, ‘திருப்தி இல்லை’ என்று கட்டம் கட்டமாக மனிதர்கள். அவர்களில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. கோப்பன்ஹேகனில் ஒரு வாரப் பயிலரங்குக்கு இடம் கிடைத்தபோது, இன்னொரு வாரம் சேர்த்துக் கேட்டு வாங்கினேன். போலந்து, லித்துவேனியா, பல்கேரியா என்று எல்லா இடங்களிலிருந்தும் வந்து அங்கே வேலை செய்கிறார்கள். ஒரு பத்துப் பேரிடமாவது பேசிவிட வேண்டும்.

தங்கியது நகரை ஒட்டிய ஹ்விடோவ்ரேயில், ராஜி அக்கா வீட்டில். சென்னை விடுதியில் என் அறையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணின் சித்தி அவர். இருபது ஆண்டுகளாக ஒரு சலவை ஆலையில் வேலை. நகரத்து மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்கும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் மீன் குழம்பும் வைத்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் மிதுனா கரிய ரொட்டித் துண்டின்மேல் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டாள். தாய் தமிழில் கேட்க, மகள் டேனிஷில் பதில் சொல்ல, இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இல்லை.

“உங்கட ஆராய்ச்சிக்கு ஆக்கள் வேணுமெண்டால் எங்கட ஆலைக்கு வாங்கோ பிள்ளை,” என்றார் அக்கா. “கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்து ஆக்கள்தான். ஆனா கதைக்க மாட்டினம். நானே அவையின்ர வாயைத் திறக்க வைக்கேலாமல் நிக்கிறன்.”

“உங்களுக்கு எதுக்குக்கா அவங்க பேசணும்?”

“நான் எலெக்‌ஷன் கேக்கிறன்!”

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு வேலையிடத்திலும் தொழிற்சங்க உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். முதலாளியோடு பேசுவது, வேலை நேரத்தை முடிவு செய்வது எல்லாம் அவர் மூலமாகத்தான். ஆலையில் பல ஆண்டுகள் பிரதிநிதியாக இருந்த ஹென்ரிக் ஓய்வுபெறுகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை தேர்தல். ஒரு பக்கம் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் கிம் என்கிற டேனிஷ்காரர். மறுபக்கம் ராஜி அக்கா. இதற்கு முன் தமிழர் யாரும் அந்த ஆலையில் நின்றதில்லை.

அக்கா நின்றதற்குக் காரணம் வேலை அட்டவணை. அடுத்த வாரம் எந்த நாளில் எந்த ஷிஃப்ட் என்பது வியாழக்கிழமைதான் கைப்பேசிக்கு வரும். பிள்ளையைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போக ஒரு நாள் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாலு வாரத்து அட்டவணை முன்னாலேயே வேண்டும் என்பது அக்காவின் கோரிக்கை. “கிம் நல்ல மனுசன். ஆனா ‘ஆறுதலாக் கதைப்பம்’ எண்டுவான். இருபது வருசமா ஆறுதலாத்தான் கதைக்கினம்.” அவர்கள் பேச்சில் ‘ஆறுதலா’ என்றால் அவசரமில்லாமல், மெதுவாக. கணக்குப்படி டேனிஷ்காரர்கள் பெரும்பாலும் கிம்முக்கு. தமிழர்களும் துருக்கிக்காரர்களும் அக்காவுக்கு. மீதி, அந்தக் கிழக்கு ஐரோப்பியர்கள். பத்துப் பேர். சங்கத்தில் உறுப்பினர்கள்தான், ஆனால் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. அவர்கள் வந்தால் அக்காவுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. வராவிட்டால் தோல்வி.

அடுத்த நாளிலிருந்து, பயிலரங்கு நேரம் போக, ஊரை வேடிக்கை பார்த்தேன். எல்லோரும் புகழும் அரண்மனையைவிட எனக்குப் பிடித்தது குழந்தை வண்டிகள். தேநீர்க் கடைக்கு வெளியே, குளிரில், குழந்தை வண்டியில் தூங்க, தாய் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து காபி குடிக்கிறாள். யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்களாம். ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்கும் வாயில் கதவும் இல்லை. ஏறும்போது பயண அட்டையை ஒரு கருவியில் காட்ட வேண்டும், இறங்கும்போதும் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் இரண்டு முறை இறங்கும்போது காட்ட மறந்தேன். இரண்டாவது முறை மிதுனா என்னை நிலையத்துக்கே திருப்பி அனுப்பினாள். “யாரும் பாக்கேல்லையே,” என்றேன், அவர்கள் பேச்சு என் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: “அதனால்தான் காட்டணும்.” பதினாறு வயதுப் பெண். நான் போய்க் காட்டிவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் ஆலைக்குப் போக அனுமதி கிடைத்தது. காலை இடைவேளையில் உணவுக்கூடத்தில் உட்காரலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் மாலை, ஆலையில் கொடுப்பதற்காக அக்கா கறி வைத்துப் பொரிக்கும் ரோல்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, “இவ்வளவு பேரை எப்படிக்கா ஞாபகம் வச்சிருக்கீங்க? ஒரு லிஸ்ட் போட்டுடலாம்,” என்றேன்.

இந்த விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆலையில் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர். எங்கள் தெருவில் தேர்தல் வந்தால், வாக்காளர் பட்டியலை உரக்க வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்பிலேயே. நான் பெயரை வாசிப்பேன். அப்பா வீட்டைச் சொல்வார். கட்சிக்காரர் டிக் அடிப்பார். நம்ம ஓட்டு, சந்தேகம், அவங்க ஓட்டு. படித்ததால் கிடைத்த முதல் மரியாதை எனக்கு அந்தப் பட்டியலில்தான் கிடைத்தது. ஆகவே அன்று மாலையும் கட்டம் போட்ட தாளில் சங்க உறுப்பினர்கள் நாற்பது பேரையும் எழுதினேன். பெயர், எந்தப் பிரிவு, எந்த நாடு. பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளி. அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போனது. “படிச்ச பிள்ளை எண்டால் படிச்ச பிள்ளைதான்!”

உணவுக்கூடத்தில் ஒரு மேசை நிறைய ரோல்ஸ். பக்கத்தில் என் பேட்டிக்கான ஒப்புதல் படிவங்கள், கையெழுத்துக்கு. அவற்றின்மேல் அந்தப் பட்டியல். கிழக்கு ஐரோப்பியர்கள் தயங்கித் தயங்கி வந்து ஆளுக்கொரு ரோல் எடுத்தார்கள். அவர்களில் மூத்தவர் வியோலெட்டா, லித்துவேனியாக்காரி, அறுபது வயது இருக்கும். விரிப்புகளை இழுத்து இஸ்திரி உருளைக்குள் கொடுக்கும் இடத்தில் அக்காவுக்கு எதிரே நிற்பவர். அவர் ஒரு கையில் ரோலோடு மறு கையால் பட்டியலை எடுத்தார். தன் பெயரைக் கண்டுபிடித்தார். மஞ்சள் புள்ளியை விரலால் தொட்டார். பிறகு அக்காவிடம் டேனிஷில் ஏதோ கேட்டார், குரலை உயர்த்தாமல்.

அக்காவின் முகம் மாறியது. “இந்த லிஸ்ட் ஆரிட்ட இருக்கும் எண்டு கேக்கிறாள்.”

“நம்மகிட்டதான்னு சொல்லுங்கக்கா.”

அக்கா சொன்னார். அதுதான் சொல்லக்கூடாத பதில். வியோலெட்டா கடித்த ரோலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். பத்துப் பேரும் போய்விட்டார்கள். படிவங்களில் ஒரு கையெழுத்துகூட இல்லை. பக்கத்து மேசையில் இருந்த கிம் எழுந்து வந்து, எங்களைப் பார்த்து இரக்கத்தோடு தலையாட்டிவிட்டு, இரண்டு ரோலை எடுத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு அக்கா சொன்னார். “பிள்ளை, உங்களில பிழை இல்லை. நான் அவளோட பதினொரு வருசம் ஒரே மெஷினில நிக்கிறன். எனக்கெல்லோ விளங்கியிருக்க வேணும்.”

அந்த இரவு என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். முன்னாள் பொதுவுடைமை நாடுகளில் அமைப்புகள்மீது மக்களுக்கு நம்பிக்கை குறைவு என்று நானே அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன்.

அடுத்த நாள் அக்கா வேலையில் மன்னிப்புக் கேட்டார். வியோலெட்டா விரிப்புகளை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். மதியம்தான் சொன்னாராம்: “சனிக்கிழமை வீட்டுக்கு வா. அந்தப் பெட்டையையும் கூட்டிக்கொண்டு வா. லிஸ்டையும்.”

அவர் வீடு இஷொயில். அக்கா ஷிஃப்ட் முடித்து நேரே வருவதாகச் சொன்னதால் நான் தனியாக ரயிலேறினேன். ஏறியது எதிர்த்திசையில். ஜன்னலில் குடியிருப்புகளுக்குப் பதிலாகத் தேவாலயக் கோபுரங்கள் வந்தபோதுதான் புரிந்தது. இறங்கித் திரும்பிப் போய்ச் சேர நாற்பது நிமிடத் தாமதம். மழை வேறு. வியோலெட்டாவும் அக்காவும் பிளாட்பாரத்திலேயே நின்றார்கள். வியோலெட்டா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். “‘நாட்டையெல்லாம் ஆராய்ச்சி செய்யிற பிள்ளைக்கு ரயில் எந்தப் பக்கம் போகுதெண்டு தெரியேல்லையோ’ எண்டு கேக்கிறாள்.”

பெரிய குடியிருப்பு, நீளநீளமான கட்டடங்கள். மாடியிலிருந்த சின்ன வீடு பளிச்சென்று இருந்தது. சாப்பாட்டுக்கு ஒரு சூப். பீட்ரூட்டும் வெள்ளரிக்காயும் புளித்த மோரில் கலந்து, நல்ல ரோஜா நிறத்தில், குளிரக் குளிர. பக்கத்தில் சுடச்சுட அவித்த உருளைக்கிழங்கு. மோரில் பீட்ரூட்டா என்று பயந்துதான் வாய் வைத்தேன். இரண்டாம் தட்டு நானே கேட்டு வாங்கினேன். அம்மாவுக்குச் சொன்னால் நம்பமாட்டார்.

பட்டியலைக் கொடுத்தேன். வியோலெட்டா அதை இரண்டாக மடித்துச் சூப் பாத்திரத்துக்குக் கீழே வைத்தார். ஈரம் பட்டு மை பரவியது. அதற்குப் பிறகுதான் பேசினார். டேனிஷில் அவர் பேச, யாழ்ப்பாணத் தமிழில் அக்கா சொல்ல, நான் எழுதினேன். என் குறிப்பேட்டில் அந்த லித்துவேனியப் பெண் இன்றும் யாழ்ப்பாணத்துத் தமிழில்தான் பேசுகிறார்.

“‘நான் வேலை செய்தது கம்பளி ஆலை. அங்கயும் சங்கம் இருந்தது. எல்லாரும் கூட்டத்துக்குப் போக வேணும். ஆர் வரேல்லை எண்டு ஒருத்தி லிஸ்ட் எழுதுவாள். மேடையில கேப்பினம், எல்லாரும் கை உயர்த்துவம். கை உயர்த்தாத ஆளை நான் ஒரு முறைதான் கண்டனான். அடுத்த கூட்டத்தில அந்தாளைக் காணேல்லை.’”

பிறகு, அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும்போது, மக்கள் வீதியில் இறங்கினார்கள். நாட்டின் குறுக்கே நெடுஞ்சாலையில் கைகோத்து நின்ற நாளில் வியோலெட்டாவும் நின்றார், தோளில் மகனோடு. “‘அண்டைக்கு ஒரு லிஸ்டும் இல்லை. ஒருத்தரும் கூப்பிடேல்லை. நாங்களாப் போனம்.’”

எனது கேள்வித்தாளில் முக்கியமான கேள்வியைக் கேட்டேன். மாற்றத்துக்குப் பிறகு வாழ்க்கை முன்பைவிட நன்றாக இருக்கிறதா, மோசமா, அப்படியேவா?

வியோலெட்டா உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே யோசித்தார். “‘பாஸ்போட் இருக்கு. பின்னால ஆர் நிக்கிறதெண்டு பாக்காமல் கதைக்கிறன். பழைய காலத்துக்கு என்னைத் திருப்பிக் கூப்பிட்டால் இந்தக் கரண்டியால அடிப்பன். ஆனா கேள். பாராளுமன்றத்துக்கு ஆர் வேணும் எண்டு எங்களைக் கேட்டினம். ஆலையை விக்கிறதோ எண்டு கேக்கேல்லை. எல்லாருக்கும் பங்கு எண்டு ஒரு லிஸ்ட் வந்தது. உன்ர பேர் இருக்கு, கையெழுத்துப் போடு எண்டினம். போட்டன். அடுத்த குளிருக்கு மெஷினுகளைக் கழட்டி லொறியில ஏத்தினாங்கள். என்ர பங்கும் அதோட போச்சு.’”

“அப்போ சந்தைப் பொருளாதாரம் பிடிக்கலைன்னு எழுதிக்கலாமா?” என்று கேட்டேன்.

அக்கா இதை மொழிபெயர்த்தபோது வியோலெட்டா சிரித்தார். “‘என்ர தம்பியைக் கேட்டால் வேற சொல்லுவான். அவனுக்குத் தரைக்குப் போடுற மாபிள் கடை இருக்கு. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறம், பிறகு ஒண்டாச் சாப்பிடுறம். எழுதுறதெண்டால் இதை எழுது: முதல் லிஸ்ட் கட்சி எழுதினது. ரெண்டாவது லிஸ்ட் வியாபாரி எழுதினது. மூண்டாவதை ராஜி எழுதுவாள் எண்டு நான் நினைக்கேல்லை.’”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கியது. லிஸ்ட் எழுதியது நான்தான் என்று ஆங்கிலத்தில் நானே சொன்னேன். வியோலெட்டா கையை வீசி அதை ஒதுக்கிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வருவாரா என்று அக்கா கேட்கவில்லை. திரும்பும் வழியில், “வாறன் எண்டும் சொல்லேல்லை, வரமாட்டன் எண்டும் சொல்லேல்லை,” என்று மட்டும் தனக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்குக் கூட்டம். கடைசி மேசையில் வேடிக்கை பார்க்க எனக்கு இடம் தந்தார்கள். எங்கள் ஊர்த் தேர்தலைப் பார்த்த கண்ணுக்கு அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. கொடி இல்லை, மாலை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கெட்டிலில் காபி, தட்டில் கேக். கிம் ஐந்து நிமிடம் பேசினார். அக்கா தாளைப் பார்க்காமல் நாலு நிமிடம் பேசினார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் தெருமுனைக் கூட்டங்களில் நான் காணாத அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அக்கா பேசி முடித்து உட்காரும்போது கதவு திறந்தது. வியோலெட்டா. பின்னால் ஒன்பது பேர். கோட்டைக் கழற்றாமல் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

தலைமை வகித்த ஹென்ரிக் எழுந்தார். கிம்முக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்தலாம் என்று சொல்லிவிட்டுத் தன் கையையும் லேசாகத் தூக்கிக் காட்டினார். அங்கே எப்போதும் அப்படித்தானாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வியோலெட்டா எழுந்து நின்றார். ஒரே ஒரு சொல். “பப்பிர்.”

காகிதம். எனக்கே விளங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவர் கழுத்து சிவந்துபோனது. ஆனால் உட்காரவில்லை.

ஹென்ரிக் ஏன் என்று கேட்கவில்லை. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். யாராவது ஒருவர் கேட்டால் போதும், எழுத்து வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்பது சங்கத்தின் விதி. சரி என்று தலையசைத்து, சலவைச் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்து நாலு நாலாகக் கிழிக்கத் தொடங்கினார். பெட்டி இல்லை. மருத்துவமனை விரிப்புகளோடு வந்துசேரும் பொருட்களைப் போட்டுவைக்கும் ஒரு வாளி இருந்தது. அதைக் கவிழ்த்தார்கள். ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு வெப்பமானி, ஏராளமான பேனாக்கள். அத்தனை பேரும் எந்தெந்தத் தாதியரோ தொலைத்த பேனாக்களால் ஓட்டெழுதினார்கள், பரீட்சை மண்டபத்தில் போல இடது கையால் மறைத்துக்கொண்டு.

“கேட்டவரே எண்ணட்டும்,” என்றார் ஹென்ரிக். வியோலெட்டா முன்னால் வந்தார். ஒவ்வொரு சீட்டையும் விரித்து, தான் பார்ப்பதற்கு முன் எல்லோருக்கும் உயர்த்திக் காட்டி, பிறகு பெயரை வாசித்தார். கிம், ராஜி, ராஜி, கிம். முடிவில் கிம்முக்குப் பத்தொன்பது. ராஜி அக்காவுக்கு இருபது. ஒரு சீட்டு வெற்றுச்சீட்டு.

கிம்தான் முதலில் வந்து அக்காவின் கையைக் குலுக்கினார். “இனி நீயே ஆறுதலாகப் பேசு,” என்றாராம். அக்கா சிரித்தார், அழவும் செய்தார். ஒரே ஒரு ஓட்டு. வந்து வாழ்த்திய ஒவ்வொருவரும் அந்த ஒரு ஓட்டு தன்னுடையது என்று சொன்னார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆராய்ச்சிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, “வியோலெட்டா யாருக்குப் போட்டாங்கன்னு கேளுங்கக்கா,” என்றேன்.

“ஐயோ, நான் கேக்கேலாது பிள்ளை. இனி நான் அவைக்கும் பிரதிநிதியெல்லோ.”

நானே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் சைகையிலும் கேட்டேன். வியோலெட்டா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார். அக்கா மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. “‘உனக்குச் சொல்லுறதெண்டால் கையையே உயர்த்தியிருப்பன்’ எண்டு சொல்லுறாள்.”

அடுத்த நாள் என் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஷிஃப்ட் முடித்து அக்கா வந்தார். காலணியைக்கூடக் கழற்றாமல் கைப்பையைச் சோபாவில் எறிந்தார்.

“வெண்டு இருபத்திநாலு மணித்தியாலம் ஆகேல்லை, சண்டைக்கு வந்திட்டாள்!”

“யாருக்கா?”

“வேற ஆர்? உங்கட வியோலெட்டா. முதல் பௌஸில, அதுதான் இடைவேளையில, நான் தேத்தண்ணியை வாயில வைக்கேல்லை, முன்னால வந்து நிக்கிறாள். நாலு கிழமை அட்டவணை வரட்டுமாம், ஆனா ஆவணியில தனக்கு ரெண்டு கிழமை லீவு ஒண்டாத் தர வேணுமாம், தாயைப் பாக்கப் போகோணுமாம். நான் மேலாளரோட கதைச்சுப் பாக்கிறன் எண்டன். ‘கதைச்சுப் பாக்கிறதெல்லாம் வேண்டாம், வாங்கித் தா’ எண்டுறாள். கேளுங்கோ பிள்ளை, எல்லாருக்கும் முன்னால சொல்லுறாள், ‘இல்லாட்டில் அடுத்த முறை நானும் கிம்முக்குத்தான் போடுவன்’ எண்டு!”

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்கு அது உறைத்தது. “அடுத்த முறை... நானும்...” என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்து, மிதுனாவைக் கூப்பிட்டு, மேலாளருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், லாப்டாப்பைக் கொண்டு வா என்றார்.